சிவப்புத் துணி கட்டிய கரை

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஹருவான் மீன் சாறு கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் இந்தப் பினாங்கில் மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்ற பேதமே கிடையாது, மேடம். நம் ஆட்கள் அதை விரால் என்பார்கள். எந்தப் பேரில் கூப்பிட்டாலும் புண் சீக்கிரம் ஆறிவிடும். எட்டு வருஷத்துக்கு முன்னால் என் மனைவி ஜெகதீஸ்வரிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பாசாரில் விற்பது வளர்ப்பு மீன், அதில் என்ன சத்து இருக்கப் போகிறது என்று எனக்கு ஒரு பிடிவாதம். தூண்டிலை எடுத்துக்கொண்டு குவாரி ஏரிக்குப் போனேன்.

யுகேந்திரன் விஷயமாக வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மீன் கதை பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். அக்டோபரில் அவன் அந்த ஏரியில் இறந்ததை நீங்கள்தான் விசாரித்தீர்கள். கரை சரிந்து விபத்து என்று எழுதி மூடினீர்கள். உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை, உங்களுக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். வாசலில் இன்ஸ்பெக்டர் குணவதி என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. தமிழிலேயே சொல்லிவிடலாம். மலாயில் சொன்னால் படிவம் நிரப்புகிற மாதிரி ஆகிவிடுகிறது.

என் பெயர் ராமதாஸ், வயது அறுபத்தொன்று. பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் முப்பத்தொரு வருஷம் தரச்சோதனைப் பிரிவில் இருந்தேன். மற்றவர்கள் பூதக்கண்ணாடியில் தேடுகிற பழுதை நான் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்வேன். அளந்தால் எழுத வேண்டும், எழுதாதது அளக்காததற்குச் சமம் என்று அங்கே எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இந்த நோட்டுப் புத்தகத்தை அதனால்தான் கொண்டுவந்திருக்கிறேன். பிறகு தருகிறேன்.

ஏரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மலையடிவாரத்தில் கல் உடைத்து முடித்து அப்படியே விட்டுப்போன பள்ளம். மூன்று பக்கம் பாறை. கிழக்குப் பக்கம் மட்டும் லாரியில் கொட்டிய செம்மண் கரை. நான் சின்ன வயதில் அங்கே விராலும், புயு என்கிற பனையேறிக் கெண்டையும் கையாலேயே பிடித்திருக்கிறேன். ஜெகதீஸ்வரிக்காகப் போன அன்று காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்தேன். கிடைத்தது பதினேழு மீன். பதினேழும் பண்டாராயா.

உங்களுக்கும் தெரிந்திருக்கும், நகராட்சி மீன் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அதுதான். கண்ணாடித் தொட்டியில் பாசியைத் தின்று சுத்தம் செய்யும் என்று குட்டியாக வாங்குகிறார்கள். முழங்கை நீளத்துக்கு வளர்ந்ததும் கொல்ல மனம் வராமல் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் சேர்ந்தது என்று நினைப்பு. அது பிற மீன்களின் முட்டையைத் தின்னும். உடம்பெல்லாம் கவசம், எதுவும் அதைத் தின்னாது. கரையில் கை நீளத்துக்குப் பொந்து தோண்டி உள்ளே முட்டையிடும். ஆண் மீன் பொந்து வாயிலிலேயே காவல் இருக்கும். அந்த விஷயத்தில் பொறுப்பான தகப்பன், மனிதர்களில் அப்படிப் பார்ப்பது அபூர்வம்.

அன்று வெறும் கையோடு வீட்டுக்குப் போனேன். கட்டிலில் படுத்திருந்த என் மனைவி, "மீன் இல்லாட்டி போகுது லா, அதுக்கு ஏன் செத்த வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கீங்க?" என்றாள். எனக்கு நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு வீச்சு வலையோடு தனியாக அந்த ஏரிக்குப் போனேன். மேடம், இதைக் கொஞ்சம் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். தனியாகப் போனேன். ஒரு வருஷம் நான் ஒருவன்தான்.

பிறகு ஆட்கள் சேர்ந்தார்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியை சலேஹா வந்தாள், கணக்கு எழுதினாள். பக்கத்து அடுக்குமாடிகளிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். விதிகளை நான் வகுத்தேன். பிடித்த மீன் தண்ணீருக்குத் திரும்பக் கூடாது. தலையில் ஒரே அடி, பிறகு ஐஸ் டிரம், பிறகு உரம் செய்கிறவரிடம். சனிக்கிழமை சாயங்காலம் நான் இரும்புக் கம்பியோடு கரை முழுக்க நடப்பேன். பொந்து விழுந்து உள்ளே கூடாகிவிட்ட இடத்தில் மூங்கில் கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டுவேன். சிவப்புத் துணி இருந்தால் அங்கே யாரும் காலை வைக்கக் கூடாது. அந்தக் கரையை விட்டு ஓர் அடி தள்ளினாலே கிடுகிடு பள்ளம். ஏழு வருஷத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. பழுது பார்ப்பது என் தொழில்.

யுகேந்திரன் வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். செபராங் ஜெயாவில் கார் விற்கிறவன். நாற்பத்திரண்டு வயது, நல்ல உயரம், வாயைத் திறந்தால் சுற்றிலும் சிரிப்பு. வந்த முதல் நாளே எனக்கு அவனைப் பிடித்திருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் ஆரம்பத்திலிருந்தே வெறுப்போடு இருந்தவன் இல்லை. அவனுக்கு வலை வீசவே தெரியாது. "அண்ணே, இது என்னாண்ணே, வேட்டி காயப்போடற மாதிரி விழுது?" என்று தன்னையே கிண்டல் செய்துகொள்வான். அந்தக் கிண்டலுக்கும் எல்லாரும் சிரிப்பார்கள்.

அவன் போனில் வீடியோ எடுத்துப் போட்டான். ஒரு மாதத்தில் எழுபது பேர் வந்தார்கள். சைனீஸ் பிள்ளைகள், மலாய்க்காரப் பையன்கள், பேக்டரி பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்கள். ஐந்து வருஷம் நான் இழுத்த தேரை அவன் ஒரு விரலால் தள்ளிவிட்டான். ஏரிக்கு நல்லதுதானே, நான் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். படுவதற்குக் கொஞ்சம் முயற்சி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

பேப்பரில் 'யுகேந்திரன் தொடங்கிய ஏரிக் குழு' என்று போட்டார்கள். அவன் அந்தப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே ஓடி வந்தான். "சத்தியமா சொல்றேன் அண்ணே, நீங்கதான் ஆரம்பிச்சீங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். அந்தப் பேப்பர்க்காரன் வெட்டிட்டான். அலாமாக், எனக்கே வெக்கமா இருக்கு," என்றான். அவன் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். நல்லவனாகவும் இருந்துகொண்டு பேரையும் எடுத்துக்கொள்கிறவனை என்ன செய்வது? ஜெகதீஸ்வரி அவனுக்குப் பால் இல்லாத தே ஓ கலக்கிக் கொடுத்தாள். அவன் ஏதோ சொல்ல, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறேன். இன்னும் அது அவளிடம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தப்பாக நினைக்காதீர்கள். அவள் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள், அப்படித்தான் பார்த்தாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி கிரீடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், கேட்டால் சிரிப்பீர்கள். மாதக் கடைசி ஞாயிறன்று யார் அதிக மீன் பிடித்தார்களோ அவர் பெயருக்குப் பக்கத்தில் சலேஹா வாட்ஸ்அப் குழுவில் ஒரு சின்னக் கிரீடம் போடுவாள். நாற்பத்தொன்பது மாதம் அது என் பெயருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு பிப்ரவரியில் அது யுகேந்திரனுக்குப் போனது. மார்ச்சிலும் போனது. ஏப்ரலிலும். அவனுக்கு அது விளையாட்டு. "தலைவரே, கிரீடம் கனமா இருக்கு, கொஞ்ச நாள் வெச்சிக்கிறீங்களா?" என்று எழுதுவான். கீழே எழுபது பேர் சிரிப்புப் பொம்மை போடுவார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். வயிறு எரியும். இரைப்பைக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன், கேட்கவில்லை.

பொறாமையா என்று கேட்கிறீர்கள். அந்த வார்த்தையை நீங்கள் எழுதலாம், நான் சொல்ல மாட்டேன். முறை தவறுவதைப் பார்க்கப் பொறுக்காத சுபாவம் என்று நான் சொல்வேன்.

மே மாதம் நான் ஒரு காரியம் செய்தேன். கிழக்குக் கரையில் ஒரு மூங்கில் புதர் இருந்தது. அதன் அடியில் கரை நல்ல கெட்டி, யானை நடந்தாலும் தாங்கும். நான் அங்கே கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன். குழுவில் 'மூங்கில் புதர்ப் பக்கம் ஆபத்து' என்று போட்டேன். ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. என் துணியை யாரும் சந்தேகப்பட்டதே இல்லை. அங்கே மீன் சேரட்டும், மாதக் கடைசியில் நான் மட்டும் போய் எடுக்கலாம் என்பது என் கணக்கு. எடுத்தேன். பலகை போட்டுப் படுத்துக்கொண்டு பொந்துக்குள் கையை விட்டால் பானைக்குள்ளிருந்து எடுப்பது மாதிரி வந்தது. மே மாதக் கிரீடம் எனக்கு வந்தது.

யுகேந்திரன் எல்லார் முன்னாலும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "சிங்கம் சிங்கம்தான்யா," என்றான். அவன் உண்மையாகவே சந்தோஷப்பட்டான். எனக்கு அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. தோற்றவன் கொஞ்சமாவது முகம் வாட வேண்டாமா?

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் எனக்கே. ஆனால் புதரடியில் மீன் குறைந்துகொண்டே வந்தது. அதனால் வியாழக்கிழமை சாயங்காலங்களில் ஏரியின் மற்றப் பக்கம் பிடித்த சினை மீன்களை வாளியில் கொண்டுபோய்ப் புதரடியில் விட ஆரம்பித்தேன். பிடித்த மீன் தண்ணீருக்குத் திரும்பக் கூடாது என்பது நான் போட்ட விதிதான். விதி போட்டவனுக்கு அதைத் தளர்த்தவும் தெரிய வேண்டும். மீந்த சோறும் பூசணித் தோலும் போட்டேன். எந்தப் பக்கம் போட வேண்டும், எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று நோட்டில் இருக்கிறது. எல்லாம் ஏரிக்காகத்தான், மேடம். ஒரே இடத்தில் சேர்த்து ஒரேயடியாக எடுப்பது சுலபம் என்று அப்போது நினைத்தேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் பாறைப் பக்கம் தூண்டிலில் ஒரு விரால் விழுந்தது. முக்கால் கிலோ இருக்கும். ஏழு வருஷ வேலைக்குப் பிறகு நான் அந்த ஏரியில் பார்த்த முதல் விரால். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஏரி பிழைத்துவிட்டது என்று அர்த்தம், நான் செய்தது வீண் போகவில்லை என்று அர்த்தம். அதைத் திரும்ப விட்டிருக்க வேண்டும், முறை அதுதான். ஆனால் ஜெகதீஸ்வரிக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. அன்று கொடுக்க முடியாததை இப்போது கொடுக்கலாம் என்று ஈரச் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனேன்.

அவள் பார்த்தாள், முகம் மலர்ந்தது. "ஆண்டவன்தான் அனுப்பியிருக்கான். யுகேன் தம்பிக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆகி நாலு நாளாச்சு, தனியா கெடக்குது பாவம். இப்பவே சாறு வெச்சிடறேன், நீங்க கொண்டுபோய்க் குடுத்துடுங்க," என்றாள்.

இஞ்சி, மிளகு, நல்லெண்ணெய். வீடு முழுக்க வாசம். தூக்குச் சட்டியை என் கையில் கொடுத்தாள், நானே பாலம் தாண்டிச் செபராங் ஜெயாவுக்குக் கொண்டுபோனேன். அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர, "நம்ம ஏரி மீனாண்ணே? நம்ம ஏரி மீனா?" என்று கேட்டுக் கேட்டுக் குடித்தான். கடைசிச் சொட்டு வரை குடித்தான். நம்ம ஏரி என்று அவன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அவன் புண் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

அதற்குப் பிறகு நான் புதரடியில் மீன் எடுப்பதை நிறுத்திவிட்டேன். போடுவதை நிறுத்தவில்லை. வாரத்துக்கு இரண்டு வாளி போட்டேன். ஆகஸ்ட் கிரீடம் அவனுக்குப் போனது, செப்டம்பரும் போனது. வாழ்த்து என்று குழுவில் முதல் ஆளாக எழுதினேன்.

செப்டம்பர் மழையும் சேர்ந்துகொண்டது. சனிக்கிழமை தோறும் கம்பியைக் குத்தி அளந்தேன். கம்பி இறங்கிய ஆழம் பதினான்கு சென்டிமீட்டர். முப்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. மேலே புல் பச்சையாக, பார்க்க நல்ல கரையாகத்தான் இருந்தது. பொய்யாகக் கட்டிய சிவப்புத் துணி கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாகிக்கொண்டு வந்தது. அந்த ஏரியில் அந்தத் துணி சொன்னதைப் போல நேர்மையான பேச்சு வேறு எதுவும் அப்போது இல்லை.

அக்டோபரில் டிவிக்காரர்கள் ஏரியைப் படம் எடுக்க வருவதாகச் செய்தி வந்தது. யுகேந்திரன் என்னைத்தான் பேசச் சொன்னான். நான் மறுத்தேன். எனக்குப் பேச வராது, அவனுக்கு வரும், ஏரிக்கு எது நல்லதோ அதைச் செய்வோம் என்றேன். எல்லாரும் என் பெருந்தன்மையைப் பாராட்டினார்கள். சலேஹா, "அண்ணே, உங்க மனசு யாருக்கு வரும்?" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் புதரடியில் கம்பி கைப்பிடி வரை இறங்கியது. எழுபத்து நான்கு சென்டிமீட்டர். நோட்டில் அதே பக்கத்தில் அடுத்த வரியையும் நீங்கள் படிக்கலாம். 'கழி அகற்றப்பட்டது, மாலை 6.10.' கழியைப் பிடுங்கிய குழியில் மண் போட்டுப் புல்லை ஒட்டி வைத்தேன். பிறகு யுகேந்திரனுக்குப் போன் செய்தேன்.

"தம்பி, மூங்கில் புதர்ப் பக்கம் கரை இப்ப கெட்டியாயிடுச்சி. காலையில வெயில் நேரா அங்கதான் விழும். வலை வீசறது படத்துல அழகா வரும்," என்றேன்.

"பாகூஸ் அண்ணே. நீங்க சொன்னா சரி."

"வலைக் கயித்த மணிக்கட்டுல இறுக்கிக் கட்டிக்கோ. சுருக்கு மட்டும் போடாத. கேமராவுக்கு முன்னால வலை கைய விட்டுப் போச்சுன்னா அசிங்கம் லா."

"சரிண்ணே, சரிண்ணே. நீங்க பக்கத்துல இருங்க, அது போதும்."

வலை வீசுகிற எவனும் கயிற்றைச் சுருக்காகத்தான் மாட்டுவான், ஆபத்தென்றால் தளர்த்திக் கையை உருவிக்கொள்ளலாம். இறுக்கிக் கட்டவே கூடாது. வலை வீசத் தெரிந்தவனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான். யுகேந்திரனுக்கு வலையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நான் சொன்னது.

மறுநாள் ஞாயிறு, காலை எட்டே கால். மார்பு வரைக்கும் வரும் ரப்பர் உடுப்புப் போட்டிருந்தான், டிவிக்காக வாங்கியது. நான் மீட்புக் கயிறும் மிதவையும் வைத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் பாறைமேல் நின்றேன். அது எப்போதுமே என் பொறுப்பு. அவன் கேமராவைப் பார்த்து, "இந்த ஏரிக்கு நான் யாருன்னு கேட்டா, ராமதாஸ் அண்ணனோட கையாள்," என்று ஆரம்பித்தான். அதை அவன் சொல்லி முடித்தான். பிறகு திரும்பி வலையை வீசினான். வலை முழு வட்டமாக விரிந்தது. அவன் வீசியதிலேயே அதுதான் அழகான வீச்சு.

கரை சத்தமில்லாமல் போனது. ஒரு லாரி மண் இருக்கும். அவனும் வலையும் மண்ணும் ஒன்றாக இறங்கின. தண்ணீர் பால் கலந்த தே தாரிக் மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கலங்கலில் நூற்றுக்கணக்கான பண்டாராயா மீன் வயிற்றைக் காட்டிப் புரண்டு நாலாபக்கமும் ஓடியதைப் பார்த்தேன். நான் வளர்த்தவை. ஒரு தடவை அவன் கை வெளியே வந்தது. இடது கை, கயிறு கட்டிய கை.

நான் மிதவையை எறிந்தேன். எல்லாரும் பார்த்தார்கள், உங்களிடமும் சொல்லியிருக்கிறார்கள். கயிற்றின் முடிச்சை அவிழ்க்கச் சற்று நேரம் ஆனதால்தான் தாமதம் என்றும் சொல்லியிருப்பார்கள். மீட்புக் கயிற்றில் முடிச்சு இருக்கக் கூடாது, மேடம். அதை முந்தின நாள் சாயங்காலம் போட்டது நான். நோட்டில் அது மட்டும் இல்லை.

நீச்சல் தெரிந்த இரண்டு பேர் குதித்தார்கள், கலங்கலில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாமல் கரையேறிவிட்டார்கள். தீயணைப்புப் போம்பாக்காரர்கள் வந்து எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. மணிக்கட்டுக் கயிற்றைக் கத்தி வைத்து அறுத்தார்கள். சலேஹா அழுதுகொண்டே, "அண்ணே, அங்க முந்தி சிவப்புத் துணி இருந்துச்சேண்ணே?" என்று கேட்டாள். "போன மாசமே எடுத்துட்டேம்மா. மழை வந்து இப்படிப் பண்ணிடுச்சி," என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். ஒருவர் கூட என்னைச் சந்தேகப்படவில்லை. எல்லாரும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள்.

அத்தோடு முடிந்துவிடும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். மனிதன் செத்தால் பத்து நாள் பேசுவார்கள், பிறகு ஏரி இருக்கும், நான் இருப்பேன். அப்படி நடக்கவில்லை. ஜெகதீஸ்வரி சாமி அறையில் அவன் படத்தை வைத்தாள். என் அம்மா படத்துக்குப் பக்கத்தில், விளக்கோடு. சாயங்காலமானால் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். என்னோடு பேசுவது உப்புப் புளிக்கு மட்டும். வாட்ஸ்அப் குழுவில் படமும் அவன்தான், பேரும் அவன் பேர்தான். சலேஹா மாதக் கிரீடத்தை எடுத்துவிட்டாள். இனி அது எப்போதும் யுகேந்திரன் அண்ணனுக்குத்தான் என்று எழுதினாள். எழுபது பேரும் ஆமாம் போட்டார்கள். உயிரோடு இருக்கிறவனை நான் ஏதாவது செய்ய முடிந்தது. செத்தவனை எப்படி ஜெயிப்பது?

ஏரியைக் கேட்கிறீர்கள். ஏரி போய்விட்டது, மேடம். புதரடி மீன்கள் எல்லாப் பக்கமும் பரவிவிட்டன. துக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். போன வாரம் நான் தனியாகப் போய் வலை வீசினேன். நாற்பத்து மூன்று பண்டாராயா, வேறு எதுவும் இல்லை. கொல்லவும் கை வரவில்லை, அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

இப்போது நான் ஏன் வந்தேன் என்பதைச் சொல்கிறேன். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள், அதுதான் சரி. உண்மை தெரிய வேண்டும் என்ற எண்ணம்தான், வேறு ஒன்றும் இல்லை. ஏரிக்கரையில் நகராட்சிக்காரர்கள் பூங்கா கட்டுகிறார்கள். அவன் பெயரை வைக்கிறார்கள். திறப்பு விழாவில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கல்வெட்டு வாசகத்தைச் சலேஹா என்னிடம் காட்டினாள், பிழை இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணே என்றாள். 'இந்த ஏரியைக் காக்கும் பணியைத் தொடங்கி, அதற்காகவே உயிர் நீத்த யுகேந்திரன் நினைவாக.' மூன்று மொழியில்.

இரண்டு பிழை இருக்கிறது. அவன் ஏரிக்காக உயிர் விடவில்லை. அவனைக் கொன்றது நான், எப்படி என்று முழுசாகச் சொல்லிவிட்டேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன், என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அது பெரிய விஷயம் இல்லை. முதல் பிழைதான் எனக்கு முக்கியம். தொடங்கி என்று போட்டிருக்கிறார்கள்.

கல்லில் வெட்டுவது வெள்ளிக்கிழமை. இன்று செவ்வாய். நீங்கள் அவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினால் நிறுத்திவிடுவார்கள், நேரம் இருக்கிறது. என் பெயரைப் போடச் சொல்லி நான் கேட்கவில்லை, எனக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது. தொடங்கியவர் யார் என்று அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். கேட்பார்கள், இல்லையா?